நைட்ரோ கார் என்ஜின்: டியூனிங், சூடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைட்ரோ (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும்) ரிமோட் கார் ஓட்டுபவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியவைதான். "எத்தனை டிகிரியில் ஓடணும்?" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால் அது நீடில் (எரிபொருள் வழியைத் திறந்து மூடும் ஊசி ஸ்க்ரூ) கோளாறாகவோ, காற்றுக் கசிவாகவோ, கிளட்ச் பிரச்சினையாகவோ போய் நிற்கும். சூட்டை மட்டும் தனியாகப் பேச முடியாது என்பதால் டியூனிங்கையும் அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கார்களில் வரும் 2.1 சிசி முதல் 4.6 சிசி வரையிலான டூ ஸ்ட்ரோக் குளோ என்ஜின்களுக்கு (ஸ்பார்க் இல்லாமல், கனலும் சுருள் உள்ள பிளக்கால் எரிப்பவை) இங்கே சொல்வது பொதுவாகப் பொருந்தும். உங்கள் என்ஜினோடு வந்த கையேடு வேறு மாதிரிச் சொன்னால் கையேடு சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிச், லீன் என்கிறார்களே, அது என்ன?

கார்ப்பரேட்டருக்குள் போகிற காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்கிறது என்பதுதான் விஷயம். எரிபொருள் அதிகமானால் ரிச், குறைந்தால் லீன். நீடிலைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் அது உள்ளே போய் வழியை அடைக்கும், கலவை லீன் ஆகும். எதிர்த்திசையில் திருகினால் வழி திறக்கும், ரிச் ஆகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நம் எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்குச் சுமார் 6.4 கிலோ போதும். அதாவது ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் உள்ளே போகிறது. திரவமாகப் போகிற அது ஆவியாகும்போது என்ஜினின் சூட்டை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். அதே எரிபொருளில்தான் எண்ணெயும் கலந்திருக்கிறது. இந்த என்ஜினில் தனியாக ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி) கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. ஆகவே நீடிலை ஒரு திருகு மூடினால் என்ஜினுக்குப் போகிற தீனி, குளிர்ச்சி, எண்ணெய் மூன்றுமே சேர்ந்து குறைகின்றன. லீன் ஆன என்ஜின் ஏன் அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்பதற்குப் பதில் இதுதான்.

சரி, எத்தனை டிகிரியில் ஓட வேண்டும்?

பெரும்பாலான கார் என்ஜின்கள், பிளக்கின் அருகில் அளந்தால், 105 முதல் 125 டிகிரி செல்சியஸுக்குள் (ஏறத்தாழ 220 முதல் 260 ஃபாரன்ஹீட்) நன்றாக ஓடும். 132-ஐத் (270 ஃபாரன்ஹீட்) தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். 138-ஐத் (280) தாண்டினால் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

ஆனால் இந்த எண்ணைக் குறியாக வைத்து நீடிலைத் திருகாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். சூடு என்பது விளைவு. ஒரே மாடலில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு என்ஜின்களை அருகருகே ஓட்டினாலும் ஒன்று 108-இல் திருப்தியாக ஓடும், மற்றொன்று 122-க்குப் போனால்தான் முழு வேகம் கொடுக்கும். அன்றைய காற்றின் சூடு, எரிபொருளில் உள்ள நைட்ரோ, ஹெட்டின் (என்ஜினின் மேல்மூடி) வடிவம், பாடியில் நீங்கள் வெட்டிய ஓட்டையின் அளவு, அளக்கிற கருவி எல்லாமே அந்த எண்ணை நகர்த்தும். "115 வரட்டும்" என்று மூடிக்கொண்டே போனவர்கள் கெடுத்த என்ஜின்களைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பிஸ்டனின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போலக் கோடுகள் இருக்கும்.

முதலில் சத்தத்தையும் புகையையும் வைத்து டியூன் செய்யுங்கள். என்ஜின் சரியாக ஓடுகிறது என்று திருப்தியான பிறகு அளந்து குறித்துவையுங்கள். அதுதான் உங்கள் என்ஜினின் எண். இன்னொரு நாள் அதே மாதிரி வெயிலில், அதே எரிபொருளில் அது பத்து டிகிரி விலகினால் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். டெம்ப் கன்னின் (தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி) உண்மையான பயன் அங்கேதான்.

சூடு குறைவாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. 93 டிகிரிக்குக் (200 ஃபாரன்ஹீட்) கீழேயே எப்போதும் ஓட்டினாலும் என்ஜின் தேயும்.

இந்த என்ஜின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், அது ஏறி இறங்கும் குழாயாகக் குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ், இவ்வளவுதான். ஸ்லீவ் மேல்பக்கம் வரவரக் குறுகும்படி கடைந்திருப்பார்கள். அதனால்தான் புது என்ஜினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் கடிபட்டு நிற்கிறது. இதைப் பிஞ்ச் என்போம். என்ஜின் சூடானதும் எரிப்பு நடக்கும் மேல்பகுதிதான் அதிகமாக விரியும். அப்போதுதான் ஸ்லீவ் சரியான உருளையாகிப் பிஸ்டனுக்கு அளவான இடம் கிடைக்கும். சூடு வராமலே ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் போய் உரசும். நிமிடத்துக்கு 30,000 சுற்று என்றால் நொடிக்கு 500 உரசல். அப்படிச் சில டேங்க் போனால் பிஞ்ச் போய்விடும், கம்ப்ரஷன் போய்விடும், அப்புறம் சூடான என்ஜின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது.

குளிர் நாளில் சூடு ஏறவில்லை என்றால் நீடிலை மூடி ஏற்றாதீர்கள். ஹெட்டின் சில துடுப்புகளை (சூட்டை வெளியேற்றும் தகடுகள்) அலுமினியத் தாளால் சுற்றிக் காற்றைத் தடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் ஹேர் டிரையரால் ஹெட்டைச் சூடாக்குவதும் மிக நல்ல பழக்கம். புது என்ஜினுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன்.

சூட்டை எப்படி அளப்பது? என் கருவி ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுகிறது.

மூன்று விஷயங்களை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: இடம், தூரம், நேரம்.

இடம் என்றால் ஹெட்டின் நடுவிலுள்ள பிளக் குழி. மேலிருந்து நேராக அதற்குள் பாருங்கள். பக்கத்துத் துடுப்பைக் காட்டினால் நன்றாகவே குறைவாக வரும். தூரத்தைப் பொறுத்தவரை கருவியை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கம் போங்கள். விலக விலக அது சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துச் சராசரி எடுக்கும். நேரம்தான் பலர் தவறவிடுவது. முழு வேகத்தில் சில சுற்று ஓட்டி, உள்ளே வந்த சில நொடிகளுக்குள் அளக்க வேண்டும். நின்றபடி ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலை) ஒரு நிமிடம் விட்டபின் அளந்தால் அது வேறொரு விஷயத்தைச் சொல்லும் (அதைக் கீழே பார்ப்போம்).

இன்ஃப்ராரெட் கருவி பளபளப்பான உலோகத்தை நம்பகமாக அளக்காது. மெருகேற்றிய வெள்ளி நிற அலுமினிய ஹெட் என்றால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். கறுப்பாகவோ நிறமேற்றியோ அனோடைஸ் செய்த ஹெட்டில் ஓரளவு சரியாக வரும். அதனால் நண்பர் காரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

கருவியே இல்லையா? ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். ஓட்டிக் கொண்டுவந்த காரின் ஹெட்டில், பிளக்கின் பக்கத்தில், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். அது மெதுவாகக் குமிழிட்டு மூன்று முதல் ஐந்து நொடியில் மறைந்தால் சூடு சரியான வட்டாரத்தில் இருக்கிறது. விழுந்த வேகத்தில் சுர்ரென்று துள்ளிப் போய்விட்டால் சூடு அதிகம். கொதிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் என்ஜின் இன்னும் குளிராக, ரிச்சாக இருக்கிறது.

கார்ப்பரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூக்களில் எது எதற்கு?

எரிபொருள் ட்யூப் வந்து சேருகிற இடத்தில் நிமிர்ந்து நிற்பது ஹை ஸ்பீட் நீடில். என்ஜினுக்குப் போகிற மொத்த எரிபொருளும் இதன் வழியாகத்தான் போகிறது. த்ராட்டில் கையின் பக்கமாக, பெரும்பாலும் குழிக்குள் இருப்பது லோ ஸ்பீட் நீடில். ஐடிலிலிருந்து நடு த்ராட்டில் வரை இதன் ஆட்சி. கார்ப்பரேட்டரின் உடம்பில் சாய்வாக இருக்கும் சின்ன ஸ்க்ரூ ஐடில் ஸ்க்ரூ. அது எரிபொருளைத் தொடாது, த்ராட்டில் எவ்வளவு மூடலாம் என்பதை மட்டும் தடுத்து நிறுத்தும்.

மொத்த எரிபொருளும் ஹை ஸ்பீட் நீடிலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் அதைத் தொட்டால் லோ ஸ்பீடும் கொஞ்சம் மாறும். டியூனிங் வரிசை அதை ஒட்டித்தான் அமைகிறது: முதலில் ஹை, பிறகு லோ, கடைசியில் ஐடில்.

முதலிலிருந்து டியூன் செய்வது எப்படி?

நீடில்களைக் கையேடு சொல்லும் தொடக்க அளவில் வையுங்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் மிதமாக ஓட்டிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த என்ஜினில் டியூன் செய்தால், சூடானதும் அந்த அளவு லீனாகிப் போயிருக்கும்.

இப்போது நேரான இடத்தில் முழு த்ராட்டில் கொடுங்கள். ரிச்சாக இருந்தால் என்ஜின் தொண்டைக்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழறும், பின்னால் கெட்டியாகப் புகை வரும், வேகம் ஒரு கட்டத்தில் சோம்பிப்போகும். ஹை ஸ்பீட் நீடிலை அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, மூடுங்கள். அதற்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம். மூடிய பின் இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீடில் மாற்றம் சூட்டில் தெரியக் கொஞ்சம் நேரமாகும்.

இப்படி மூட மூடச் சத்தம் தெளியும், சுருதி ஏறும். ஒரு கட்டத்தில் மூடினாலும் வேகம் கூடாது. அங்கே நின்றுவிட்டு, அரைக்கால் சுற்று திரும்பத் திறந்துவிடுங்கள். முழு வேகத்தில் போகிற காரின் பின்னால் மெல்லிய நீலவெள்ளைப் புகைக்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெயிலில் அது தெரியவில்லை என்றால் நிழலான பின்னணி இருக்கும் பக்கமாக ஓட்டிப் பாருங்கள். புகையே இல்லாமல், கிரீச்சென்ற மெல்லிய குரலில் பறந்து, நேர்ப்பாதையின் கடைசியில் சட்டென்று இழுவை குறைந்தால் அது லீன். "என்ன வேகம்!" என்று ரசிக்கிற அந்த ஐந்து நொடிதான் என்ஜினுக்கு மிக ஆபத்தான நேரம். உடனே த்ராட்டிலை விட்டுக் காரை வரவழைத்து, கால் சுற்று திறங்கள்.

அடுத்து லோ ஸ்பீட். ஐடிலில் 10 முதல் 15 நொடி விட்டு, ஒரேயடியாகத் த்ராட்டில் கொடுங்கள். கொடகொடவென்று புகையைக் கக்கித் திணறி மெல்லக் கிளம்பினால் ரிச், அரைக்காலிலும் பாதி மூடுங்கள். புகையே இல்லாமல் ஒரு நொடி வாய் பிளந்து நின்று, அல்லது அணைந்தே போனால் லீன், திறங்கள். ஐடில் சத்தத்தையும் கேளுங்கள். நிற்க நிற்க இறங்கிக்கொண்டே போனால் ரிச், தானாக ஏறிக்கொண்டே போனால் லீன்.

லோ ஸ்பீட் நீடில் சரியானதும் ஐடில் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். இப்போது ஐடில் ஸ்க்ரூவால் குறைத்து, கார் கிளட்ச் பிடிக்காமல் நிற்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார்த்தால், முழுக்க மூடிய நிலையிலும் ஒரு மில்லிமீட்டருக்குள் சின்னப் பிறை வடிவ இடைவெளி தெரிய வேண்டும். அதைவிட அதிகமாகத் திறந்துவைத்தால்தான் ஐடில் நிற்கிறது என்றால், லோ ஸ்பீட் நீடில் இன்னும் ரிச்சாகத்தான் இருக்கிறது.

எரிபொருள் ட்யூபை அழுத்திப் பார்ப்பது நம்பத் தகுந்த சோதனையா?

லோ ஸ்பீடுக்கு ஆம். ஐடிலில் ஓடும்போது கார்ப்பரேட்டரை ஒட்டி ட்யூபை விரலால் நசுக்குங்கள். மூன்று நொடி போல ஓடி, வேகம் லேசாக ஏறி, அணைந்தால் சரி. நசுக்கியவுடனே அணைந்தால் லீன். ஐந்து நொடிக்கும் மேலாக ஓடி, வேகம் நன்றாக ஏறிய பிறகு அணைந்தால் ரிச். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நசுக்குங்கள், இல்லாவிட்டால் ட்யூபில் மிச்சமிருக்கும் எரிபொருள் அளவு மாறும்.

நிறுத்திவைத்தால் சூடு ஏறுகிறது, வேகமாக ஓட்டினால் குறைகிறது. ஹை ஸ்பீட் நீடிலைத் திறந்தும் பலனில்லை. ஏன்?

லோ ஸ்பீட் நீடில் லீனாக இருக்கிறது. இந்தக் கோளாறில் நானே ஒரு மாதம் மாட்டிக்கொண்டிருந்தேன். 130 காட்டுகிறதே என்று ஹை ஸ்பீட் நீடிலைத் திறந்துகொண்டே போனேன். மேல் வேகத்தில் என்ஜின் குழறியது, புகை மூட்டமாக வந்தது, ஆனாலும் வளைவுகளில் ஓட்டிவிட்டு வந்தால் அதே 130. இவ்வளவு ரிச்சாக இருந்தும் எப்படிச் சுடுகிறது என்று புரியவில்லை.

விஷயம் இதுதான். சாதாரணமாக ஓட்டும்போது கார் முழு த்ராட்டிலில் இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். மீதி நேரம் ஐடிலிலும் நடு த்ராட்டிலிலும்தான். அங்கே ஆட்சி செய்வது லோ ஸ்பீட் நீடில். அது லீனாக இருந்தால், காற்றோட்டமும் குறைவாக உள்ள அந்த நேரத்தில் என்ஜின் வெந்துகொண்டிருக்கும். அதைக் கால் சுற்று திறந்ததும் சூடு 15 டிகிரி இறங்கியது, பிறகு ஹை ஸ்பீட் நீடிலை அதன் பழைய இடத்துக்கே மூட முடிந்தது.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓட்டி வந்ததும் அளந்துவிட்டு, ஐடிலில் ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். சரியான என்ஜினில் சூடு மெல்ல இறங்கும். ஏறினால் லோ ஸ்பீடைக் கவனியுங்கள்.

த்ராட்டிலை விட்டபின்னும் என்ஜின் அலறிக்கொண்டே இருக்கிறது. காலையில் வைத்த டியூன் அரை மணியில் மாறிவிடுகிறது.

முதலில் த்ராட்டில் லிங்கேஜ் (த்ராட்டிலை இழுக்கும் இணைப்புக் கம்பி) எங்கும் சிக்காமல் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், எங்கோ காற்று கசிகிறது. கசிவு இருக்கிற என்ஜினை டியூன் செய்ய முடியாது. நீடில் என்ன சொன்னாலும் பின்வாசல் வழியாகக் காற்று நுழைந்துகொண்டே இருக்கும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: கார்ப்பரேட்டர் கழுத்தும் அதன் ஓ ரிங்கும், பின் தகட்டின் ஸ்க்ரூக்கள், நீடில்களின் ஓ ரிங், முன் பேரிங், எரிபொருள் ட்யூப், டேங்க் மூடி. டேங்க் மூடி ஏன் என்றால், எக்ஸாஸ்ட் பைப்பிலிருந்து ஒரு ட்யூப் டேங்குக்குப் போய் அழுத்தம் கொடுத்தால்தான் எரிபொருள் ஒழுங்காகத் தள்ளப்படும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அழுத்தம் தப்பித்து, என்ஜின் லீன் ஆகும். டேங்கைக் கழற்றி, ஒரு வழியை அடைத்து, தண்ணீரில் முக்கி, மற்ற வழியில் ஊதினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

ட்யூபில் வெடிப்பு இருந்தால் வெளியே தெரியாது. நான் ஒருமுறை கண்டுபிடித்தது, ட்யூப் டேங்க் மூக்கில் ஏறும் இடத்தில் வளைத்தால் மட்டும் வாய் திறக்கிற, ஊசி முனை அளவு ஓட்டை. கார் குலுங்கும்போது மட்டும் காற்றுக் குமிழி உள்ளே போகும், மேசைமேல் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதிலிருந்து சீசனுக்கு ஒருமுறை எல்லா ட்யூபையும் மாற்றிவிடுகிறேன்.

நீடில்கள் சரி, கசிவும் இல்லை. ஆனாலும் சுடுகிறது.

அப்படியானால் என்ஜின் தேவைக்கு மேல் உழைக்கிறது, அல்லது சூடு வெளியே போக வழியில்லை.

என்ஜினை நிறுத்திவிட்டுக் காரைக் கையில் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். பிரேக் லேசாக உரசிக்கொண்டே இருப்பது மிகச் சாதாரணமான காரணம். ஆக்ஸிலில் புல், நூல் சுற்றியிருக்கலாம். கியரை உயர்த்தி வைத்திருந்தால் என்ஜின் ஏற முடியாமல் திணறிச் சுடும், கிளட்ச் பெல்லில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்கினாலும் பெல் நெருப்பாகும், அதை ஒட்டியே இருக்கிற கிராங்க் கேஸும் சேர்ந்து சுடும். அப்புறம் ஹெட்டின் துடுப்புகளுக்கு நடுவே எண்ணெயோடு சேர்ந்து படிந்த மண். பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பாடியில் முன் கண்ணாடியை வெட்டி ஹெட்டுக்கு நேராகக் காற்று வர விட்டால் மட்டும் போதாது, வந்த காற்று பின்னால் வெளியேறவும் வழி வேண்டும்.

வானிலை மாறினால் எந்தப் பக்கம் திருகுவது?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் ஆக்ஸிஜன் அதிகம். அதே நீடில் அளவில் கலவை லீன் ஆகிவிடும், திறக்க வேண்டும். சூடான காற்றும், ஈரம் நிறைந்த காற்றும், மலை உயரத்துக் காற்றும் மெலிந்தவை. அங்கே கலவை ரிச் ஆகும், கொஞ்சம் மூடலாம்.

வெயில் நாளில் "சுடுமே" என்று பயந்து திறப்பவர்களும் உண்டு. கணக்குப்படி மூட வேண்டும் என்றாலும், வெயிலில் ஹெட் ஆறுவதும் குறைவு என்பதை மறக்க வேண்டாம். ஆகவே என்ஜின் குழறினால் மட்டும், அரைக்காலுக்குள் மூடுங்கள். குழறவில்லை என்றால் தொடவே வேண்டாம். எதிர்ப்பக்கம்தான் உண்மையில் ஆபத்தானது: உச்சி வெயிலில் கச்சிதமாக வைத்த டியூனை அப்படியே மறுநாள் குளிர் காலையில் ஓட்டுவது. காலையில் முதல் வேலையாகக் கால் சுற்று திறந்துவிட்டுத் தொடங்குங்கள்.

நைட்ரோ சதவீதம் கூடினால் சூடு கூடுமா?

நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்ஸிஜனை வைத்திருக்கிறது. ஒரு கிலோ எரிய 1.7 கிலோ காற்று போதும். அதனால் ஒரே காற்றில் அதிக எரிபொருளை எரிக்க முடிகிறது, சக்தி கூடுகிறது. 20 சதவீதத்திலிருந்து 30-க்குப் போனால் நீடில்களைத் திறக்க வேண்டும். கம்ப்ரஷனையும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் ஹெட்டின் அடியில் 0.1 மில்லிமீட்டர் போன்ற மெல்லிய ஷிம்கள் (வளையத் தகடுகள்) போடுகிறார்கள். கம்ப்ரஷன் அதிகமாக இருந்தால் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும். ஹெட்டின் உள்பக்கம் மணல் வீசியது போலக் குழி குழியாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

எரிபொருளை மாற்றினால், நிறுவனம் மட்டும் மாறினாலும்கூட, டியூனை மறுபடி பாருங்கள். எண்ணெய் அளவும் வகையும் ஒவ்வொன்றிலும் வேறு. மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதால், மூடி சரியாக மூடாத பழைய டப்பாவை நம்ப வேண்டாம். எவ்வளவு திருகினாலும் டியூன் நிற்காத நாளில் புது டப்பா திறந்து பார்த்ததில் தீர்ந்த பிரச்சினைகள் பல.

பிளக்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. குளோ பிளக்கில் ஸ்பார்க் கிடையாது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் 1.5 வோல்ட் போல மின்சாரம் கொடுக்கிறோம். பிறகு அதன் பிளாட்டினம் கலந்த சுருள், மெத்தனாலோடு நடக்கும் வினையாலும் எரிப்பின் சூட்டாலும் தானே கனன்றுகொண்டிருக்கிறது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் பெரும்பாலான குட்டி என்ஜின்கள் காயிலும் பேட்டரியும் சுமந்துகொண்டு போக வேண்டியிருந்தது.

சில ஓட்டம் போனபின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருள் தன் வடிவம் கலையாமல், மங்கிய சாம்பல் நிறத்தில், லேசான ஈரத்தோடு இருந்தால் டியூன் நன்றாக இருக்கிறது. புதிது போலவே பளபளத்து நனைந்திருந்தால் ரிச். சுருள் நெளிந்து, பால் போல வெளுத்தோ கருகியோ, காய்ந்திருந்தால் லீன். அறுந்து உள்ளே விழுந்திருந்தால் அந்தத் துண்டை எடுக்காமல் என்ஜினைச் சுற்றவே கூடாது.

பிளக்கில் ஹாட், மீடியம், கோல்டு என்று வகைகள் உண்டு. வெயில் நாள், அதிக நைட்ரோ, பெரிய என்ஜின் என்றால் கோல்டு பக்கம் போகலாம். குளிர், குறைந்த நைட்ரோ, சின்ன என்ஜின் என்றால் ஹாட்.

புது என்ஜினைப் பழக்கும்போது சூட்டை எப்படி வைத்துக்கொள்வது?

சூடாக, ஆனால் ரிச்சாக. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஹேர் டிரையரால் சூடேற்றி ஸ்டார்ட் செய்து, ஹெட்டைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி, 95 டிகிரிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, ரிச் கலவையில் மெதுவாகவும் நடுத்தரமாகவும் மாறி மாறி ஓட்டுங்கள். ஒரு டேங்க் முடிந்ததும் முழுதாக ஆறவிடுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறித்தான் பிஸ்டனும் ஸ்லீவும் ஒன்றுக்கொன்று பழகும். ஐந்தாறு டேங்குக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வாருங்கள்.

என்ஜினை எப்படி நிறுத்துவது, நிறுத்திய பின் என்ன செய்வது?

மேலே சொன்ன ஐடில் சோதனைக்குத் தவிர, எரிபொருள் ட்யூபை நசுக்கி நிறுத்தாதீர்கள். கடைசி நொடிகளில் லீனாகி அலறும். எக்ஸாஸ்ட் வாயைத் துணியாலோ ரப்பராலோ அடைத்து நிறுத்துங்கள், வெறும் விரலால் வேண்டாம். ஓடும் என்ஜினை மூடிய அறையில் வைக்க வேண்டாம். மெத்தனால் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அதனால் சூடான என்ஜின்மேல் எரிபொருள் சிந்தினால் விலகி நில்லுங்கள். கையில் பட்டால் கழுவுங்கள், அது தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

அன்றைய ஓட்டம் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, ட்யூபில் மிச்சமிருப்பதை ஐடிலிலேயே எரித்துவிடுங்கள். நைட்ரோ எரிந்த கழிவில் அமிலம் இருக்கும். மெத்தனால் இழுத்துவைத்த ஈரமும் சேர்ந்தால் பேரிங் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆஃப்டர் ரன் ஆயிலும் (ஓட்டம் முடிந்தபின் விடும் பாதுகாப்பு எண்ணெய்), கார்ப்பரேட்டர் வாயில் சில சொட்டும் விட்டு, பிளக் இல்லாமலே சில நொடி சுற்றவிடுங்கள்.

பிறகு, என்ஜின் சூடாக இருக்கும்போதே, பிஸ்டன் கீழே இருக்கும்படி ஃப்ளைவீலைச் சுற்றி நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்க ஆறினால், சுருங்குகிற ஸ்லீவ் அதை அப்படியே கவ்விக்கொள்ளும். அடுத்த நாள் ஸ்டார்ட்டர் சுற்றாது, பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக் கழற்றியிருக்கும்போதே ஓட்டை வழியாகப் பார்த்து, பிஸ்டன் முழுக்கக் கீழே இருக்கும் நிலையில் ஃப்ளைவீலின் அடிப்பக்கத்தில் அழியாத மையால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த முறை காரைத் திருப்பி அந்தப் புள்ளியை நேராகக் கொண்டுவந்தால் போதும்.